கீழே வைத்த காபி

மைஸூன் என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது ஒரு சண்டையின் நடுவில். என் சித்தப்பா மகன் கலஃபுக்குத் தலைப்பிள்ளை பிறந்திருந்தது. எங்கள் ஊர் மதாபாவில் அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் பொதுவாக ஒரே சுவர்தான். பிள்ளைக்குத் தன் பெயரை, ஃபித்தா என்பதை, வைக்க வேண்டும் என்று கலஃபின் தாயார் அடம்பிடித்தார். பிரசவப் படுக்கையில் இருந்த மருமகளோ கொஞ்சமும் அசையவில்லை.

"உங்க பேரை நீங்க மவ்த்தான பிறகு வைக்கிறேன் மாமி. உயிரோட இருக்கறப்பவே எதுக்கு இன்னொரு ஆளு?"

"நான் எப்ப சாவேன்னு பாத்துட்டிருக்கியாடி?"

"நானா சொன்னேன்? நீங்கதானே பேரைக் கேட்டீங்க!"

இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட கலஃப் என்ன செய்தான் தெரியுமா? விறுவிறுவென்று மொட்டைமாடிக்கு ஏறினான். தெருவே கேட்கும்படி, "என் பொண்ணு பேரு மைஸூன்! என்னை இனிமே அபூ மைஸூன்னு கூப்பிடுங்க!" என்று கத்தினான். தெருவில் விழுந்துவிட்ட பெயரை யார் பொறுக்கி எடுத்து உள்ளே வைப்பது? சண்டை அதோடு முடிந்தது. பிறகு இரண்டு பெண்கள் பிறந்தார்கள், ஆண் பிள்ளை பிறக்கவில்லை. எங்களில் மகன் பெயரைச் சேர்த்துத்தான் அப்பாவை அபூ, அம்மாவை உம்மு என்று கூப்பிடுவார்கள்; கலஃபோ அபூ மைஸூனாகவே வாழ்ந்தான், அவன் மனைவி உம்மு மைஸூனாகவே இருக்கிறாள்.

கலஃபுக்கு விமான நிலையத்தில் வேலை. தீயணைப்பு வண்டி ஓட்டினான். தீப்பிடிக்குமா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் வேலை. ஆண்டவன் கருணையில் அவன் காலத்தில் பெரிதாக ஒன்றும் பிடிக்கவில்லை. உட்கார்ந்த நேரமெல்லாம் விமானங்களைப் பார்த்தான். பார்த்ததை வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னான். பள்ளிக்கூடம் முடிந்ததும் அவள் விமானம் ஓட்டப் படிக்கப் போகிறேன் என்றபோது, தன் பங்குக்கு வந்த கோதுமை நிலத்தை விற்றான். அவனுடைய அண்ணன் நாயிஃப் அன்றிலிருந்து தம்பியை, "நிலத்தை வித்து வானத்தை வாங்கினவன்" என்றுதான் சொல்லுவான். வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லுவான்.

பிறகு அதே நாயிஃப்தான், மைஸூன் கேப்டனாகித் தோளில் நான்கு தங்கக் கோடுகளோடு வந்த அன்று, ஆடு அறுத்து ஊருக்கே மன்ஸஃப் சோறு போட்டான். "எங்க வீட்டுப் பொண்ணு, நாலு கோடு!" என்று விரலை விரித்து விரித்துக் காட்டினான். எங்கள் ஆட்கள் அப்படித்தான். விதைக்கும்போது திட்டுவார்கள், அறுக்கும்போது முதல் ஆளாக வந்து நிற்பார்கள்.

அவள் ஓட்டியது நத்மி பேக்கின் சொந்த விமானம். வெள்ளையாக, சின்னதாக, உள்ளே தோல் இருக்கைகளோடு இருக்கும். பேக் என்பது மரியாதைப் பெயர். நத்மி பேக்குக்கு ஹோட்டல்கள் உண்டு, சிமெண்டு ஆலை உண்டு, மூன்று நாடுகளில் வீடு உண்டு. அவர் போகும் இடத்துக்கு அவரைக் கொண்டுபோய் விட்டு, அவர் கிளம்பும் வரை அங்கேயே இருந்து, திரும்பக் கொண்டுவருவது அவள் வேலை. எப்போது கிளம்புவார் என்று அவருக்கே தெரியாது. தொலைபேசி அடித்தால் அவள் எழ வேண்டும். சோற்றில் கை வைத்திருந்தாலும் எழ வேண்டும். அவளுடைய தங்கையின் கல்யாணத்தில், மருதாணி ராத்திரியன்று, ஒரு கையில் மட்டும் மருதாணியோடு ஓடினாள்.

நத்மி பேக் கெட்டவர் இல்லை. அதுதான் சிக்கலே. கலஃபுக்கு நெஞ்சு அடைத்தபோது அம்மானில் பெரிய ஆஸ்பத்திரியில் தானே சொல்லிச் சேர்த்தவர் அவர். நாயிஃபின் மகன் ஸகருக்குத் தன் ஹோட்டலில் வேலை கொடுத்தவர். எங்கள் குடும்பத்தில் அவர் கை படாத வீடு இல்லை. அப்படிப்பட்ட கை தோளில் இருந்தால் வெயில் தெரியாது. தோளை அசைக்கவும் முடியாது.

கலஃப் இறந்த அன்று மைஸூன் ஏதோ ஒரு தீவில் இருந்தாள். செய்தி போனது. நத்மி பேக்கின் விருந்தாளிகள் கடலில் குளித்துக்கொண்டிருந்தார்களாம். அவர்கள் கரைக்கு வந்து, உடை மாற்றி, சாப்பிட்டு, விமானம் ஏறி, அவள் மதாபாவுக்கு வந்து சேர்ந்தபோது அப்பாவின் கபர் மேல் மண் காய்ந்துவிட்டது. எங்களில் ஜனாஸாவை அடக்காமல் வைத்துக்கொண்டிருக்கும் வழக்கம் இல்லை. துக்கக் கூடாரத்துக்கு தீபானிலிருந்து அபூ ஹாயில் வந்திருந்தார். எங்கள் பக்கத்தில் பெரிய மனிதர், வழக்குத் தீர்ப்பவர். கூடாரத்தில் நின்று சுற்றிப் பார்த்துவிட்டு, "மூத்தவ எங்கே?" என்று கேட்டார். நாயிஃப் தலையைக் குனிந்துகொண்டான். யாரும் பதில் சொல்லவில்லை.

இதை மைஸூனிடம் நான்தான் பிற்பாடு சொன்னேன். கேட்டுக்கொண்டாள்.

அதன் பிறகு ஒரு வருஷம் போயிருக்கும். ஷார்ஜாவில் உள்ள ஒரு சரக்கு விமானக் கம்பெனி அவளை வேலைக்குக் கூப்பிட்டது. அதை அவள் ஆண்களிடம் சொல்லவில்லை. நானும் அவள் அம்மாவும் சுரைக்காய் மாதிரியான சின்னக் கூஸாக்காய்களைக் குடைந்து அரிசி அடைக்கக் குழியாக்கிக்கொண்டிருந்தபோது, வந்து தரையில் உட்கார்ந்து சொன்னாள்.

"சரக்குன்னா என்னடி? ஆடா?" என்றாள் உம்மு மைஸூன்.

"ஆடும் போகும் யம்மா. பூ, மருந்து, மெஷினு, பந்தயக் குதிரை. எது வந்தாலும்தான்."

"ஆட்டுக்கு டிரைவர் வேலை பாக்கவா உங்க அப்பன் நிலத்தை வித்தான்?"

"ஆடு என்னைப் பாத்து, 'இரு, இன்னும் நான் குளிச்சு முடிக்கல'ன்னு சொல்லாது யம்மா."

"நாறுமே," என்றேன் நான்.

"பேக்கோட மச்சான் செண்ட்டுல முங்கி எழுந்து வருவாரு பாருங்க அத்தை. ஆடே தேவலை."

நாங்கள் சிரித்தோம். ஆனால் அவள் கூஸாவைக் குடைந்த வேகத்தில் இரண்டு காய் ஓட்டையாகிவிட்டது. அம்மா காயைப் பிடுங்கிக்கொண்டாள். "உண்மையைச் சொல்லு. போகப் போறியா இல்லையா?"

"தெரியல. அங்கே போனா நாலு கோடு கிடையாது. மூணுதான். கோ-பைலட்டா வலது பக்கம் உட்காரணும். என்னைவிட சின்னப் பையன் எவனாவது இடது பக்கம் உட்காந்து, 'அதைச் செய், இதைச் செய்'ம்பான். பாதி நாள் ராத்திரி வேலை. உன்னையும் விட்டுட்டுப் போகணும்."

"அப்புறம் எதுக்குடி?"

"மாசம் பொறக்கறதுக்கு முன்னாடியே எந்த நாள் வேலை, எந்த நாள் லீவுன்னு கையில கொடுத்துடுவாங்க. லீவுன்னா லீவுதான் யம்மா. யாரும் போன் பண்ண முடியாது. இங்கே நான் கேப்டன்தான், ஆனா என் நாளு ஒண்ணுகூட என்னோடது இல்லே."

அவள் அம்மா காயைக் குடைந்துகொண்டே இருந்தாள். நானும் எந்தப் பக்கமும் சொல்லவில்லை. மூன்று கோடு என்பது எங்கள் தெருவில் எப்படிப் பேசப்படும் என்று எனக்குத் தெரியும். கீழே இறக்கிவிட்டார்கள், ஏதோ தப்புச் செய்திருக்கிறாள் என்பார்கள். அவளுக்கும் தெரியும். பல வாரங்கள் முடிவெடுக்காமல் இருந்தாள். ஒருநாள் போகிறேன் என்பாள், மறுநாள் ஸகரின் வேலை போய்விடுமே என்பாள்.

தியாகப் பெருநாள் வந்தது. கலஃப் இல்லாத இரண்டாவது பெருநாள். மைஸூன் வீட்டில் இருந்தாள். தன் கையாலேயே ஆட்டைப் பிடித்துக் கொடுப்பேன் என்று காலையிலேயே முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றாள். கசாப்புக்காரர் கத்தியைத் தீட்டிக்கொண்டிருக்கும்போது தொலைபேசி அடித்தது. ஆட்டின் கயிற்றை என் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

சாயங்காலம் திரும்பி வந்தாள். இறைச்சியெல்லாம் பங்கு போட்டுக் கொடுத்து முடித்துவிட்டோம். வாசலிலேயே செருப்பைக் கழற்றாமல் நின்றாள்.

"யாரை அத்தை கொண்டுபோனேன்னு கேளுங்க."

"யாரை?"

"யாரையும் இல்லே. பேக்கோட பொண்ணுக்கு சைப்ரஸ்ல பொறந்தநாள். நேத்து நான் கொண்டுபோய் விட்டப்ப கேக்கை இங்கேயே மறந்து வெச்சுட்டாங்க. கேக்கு போச்சு. கேக்குக்கு பெல்ட்டு போட்டு, சீட்டுல உக்காரவெச்சு, நான் ஓட்டிட்டுப் போனேன்." அவள் சிரிக்கவில்லை. "நான் ஏற்கெனவே சரக்குதான் ஓட்டறேன் அத்தை. இனிமே ஒழுங்கான சரக்கா ஓட்டறேன்."

பெருநாள் விடுமுறை முடிந்ததும் நேராக நத்மி பேக்கிடம் போய், வேலையை விடுகிறேன் என்று சொல்லிவிட்டாள். அவர் கோபப்படவில்லை. "களைச்சிருக்கே. போய் ரெஸ்ட் எடு, யா பிந்த்தி" என்று தோளில் தட்டி அனுப்பினார். மகளே என்று கூப்பிட்டவரிடம் என்னவென்று சண்டை போடுவது? சரி, ஒப்புக்கொண்டார் என்று அவள் நினைத்துவிட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு, நாயிஃபின் வீட்டு முன்னால் கார்கள் வந்து நின்றன. வெள்ளை மேலங்கி, சிவப்புக் கட்டம் போட்ட தலைத்துணி, அதன் மேல் கறுப்புக் கயிறு என்று பெரிய மனிதர்கள் வரிசையாக இறங்கினார்கள். அவர்கள் எல்லோருக்கும் முன்னால் அபூ ஹாயில். ஜாஹா வந்திருந்தது.

எங்களில் பெண் கேட்கப் பெரியவர்கள் கூடி ஜாஹாவாகப் போவார்கள். கொலைக்கு மன்னிப்புக் கேட்க ஜாஹா போகும். வந்தவர்களில் பெரியவர், ஊற்றிக் கொடுத்த காபியைக் குடிக்காமல் கீழே வைப்பார். கேட்டது கிடைக்கும் வரை தொட மாட்டார். வீட்டுக்காரர், "குடிங்க, கொடுத்தாச்சு" என்று சொன்னால் சொன்னதுதான். காபியைக் குடிக்க வைக்காமல் ஜாஹாவைத் திருப்பி அனுப்பிய வீடு பிறகு நாலு பேர் முன்னால் தலை தூக்க முடியாது. ஆனால் வேலையை விட்ட ஒருத்தியைத் திருப்பிக் கேட்டு ஜாஹா வந்து நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. நாயிஃபும் கேள்விப்பட்டதில்லை. அதனால்தான் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. தம்பி மகளுக்காக ஜாஹா! அதுவும் அபூ ஹாயில் தலைமையில்!

பெண்கள் நாங்கள் நடையில் கதவிடுக்கில் நின்றோம். மைஸூனும் அப்போதுதான் வந்து சேர்ந்தாள். கூடத்தில் அபூ ஹாயில் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அபூ ஸகர், நாங்க ஒரு வேண்டுதலோட வந்திருக்கோம்," என்றார். "நத்மி பேக் உங்க வீட்டுப் பொண்ணைத் தன் பொண்ணா நினைக்கறவரு. அவளை விட்டா அவரு குடும்பம் வேற யாரு கையிலயும் வானத்துல ஏறாது. அவ இருக்கணும்."

நடையில் மைஸூன் கதவில் கை வைத்தாள். உள்ளே போகத்தான். ஆனால் நாயிஃப் முந்திக்கொண்டான். யோசிக்கவே இல்லை. "அவளைக் கூப்பிட்டுக் கேட்கிறேன்" என்ற ஒரு வார்த்தை போதும். அது அவன் வாயில் வரவில்லை.

"காபியைக் குடிங்க அபூ ஹாயில்! கேட்டது கொடுத்தாச்சு!"

அபூ ஹாயில் கோப்பையை எடுத்து ஒரே வாயில் குடித்தார். கூடம் முழுக்க மாஷா அல்லாஹ் என்றது. மைஸூனின் கை கதவிலேயே இருந்தது.

விருந்தாளிகள் போனதும் அவள் கூடத்துக்குள் நுழைந்தாள்.

"பெரியப்பா, எதைக் கொடுத்தீங்க?"

"கௌரவத்தைக் கொடுத்திருக்காங்கம்மா நமக்கு!"

"அவங்க கொடுத்ததைக் கேக்கல. நீங்க கொடுத்ததைக் கேக்கறேன்."

"அந்தப் பெரிய மனுஷன் கோப்பையைக் கீழே வெச்சாரு. நான் என்ன, முகத்துல அடிக்கச் சொல்றியா?"

"சரி. கொடுத்தது நீங்கதானே? அப்ப நீங்களே போய் ஓட்டுங்க. இடது பக்கம் உட்காரணும். ஏறினதும் மொதல்ல பெல்ட்டு போட்டுக்கோங்க."

நாயிஃப் எழுந்துவிட்டான். "வார்த்தை வெளியே போயாச்சு! துப்பினதை என்னை நக்கச் சொல்றியா? ஸகர் வேலை என்னாகும்? செத்துப்போன உங்க அப்பனுக்கு அவரு செஞ்சதுக்கு இதுவா பதில்?"

அவள் நின்றாள். அழவில்லை. ஆனால் அந்தக் கடைசிக் கேள்வி அவள் முகத்தில் பட்ட இடம் எனக்குத் தெரிந்தது. திரும்பிப் போய்விட்டாள்.

நான் நினைத்தேன், முடிந்தது என்று. ஷார்ஜாக்காரர்கள் அந்த வாரத்துக்குள் பதில் கேட்டிருந்தார்கள். பெரியப்பன் வாக்கை மீறிப் போனால் ஊரில் நாயிஃப் முகம் கெடும். ஸகருக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள். அவள் அம்மாவால் தெருவில் நடக்க முடியாது. மீறாமல் இருந்தால் அவள் கதை நத்மி பேக்கின் தொலைபேசிதான், காலம் முழுக்க.

இரண்டு நாள் கழித்து என் கதவைத் தட்டினாள். பின்னால் அவள் அம்மா, கறுப்பு அபாயா போட்டு நின்றாள்.

"அத்தை, கிளம்புங்க. ஜாஹா போறோம்."

"யாருடி? நாமளா?"

"நாம மூணு பேரும்."

நான் உம்மு மைஸூனைப் பார்த்தேன். "நீயுமா இதுக்குச் சம்மதிச்சே?"

"நான் சம்மதிக்கல. கார்ல ஏறினேன், அவ்வளவுதான்," என்றாள் அவள்.

வாதி வாலா பள்ளத்தில் இறங்கி, மறுபக்கம் ஏறி, தீபான் போய்ச் சேரும் வரை நாங்கள் இருவரும் ஓதிக்கொண்டே இருந்தோம். மைஸூன் காரை விமானம் மாதிரி ஓட்டுவாள்.

அபூ ஹாயில் வாசலுக்கே வந்தார். பெண்களைக் கண்டதும் வழக்கம்போல், "உம்மு ஹாயில் உள்ளே இருக்கா, உள்ள போங்க" என்று கை காட்டினார்.

"உம்மு ஹாயிலுக்கு எங்க ஸலாம் சொல்லுங்க," என்றாள் மைஸூன். "நாங்க உங்க கூடத்துக்குத்தான் வந்தோம்."

வீட்டுக்கு வந்தவர்களிடம், இங்கே உட்காராதீர்கள் என்று சொல்லும் ஆள் இல்லை அவர். உட்கார்ந்தோம். இடது கையில் கெண்டியும் வலது கையில் கோப்பையுமாகத் தானே காபி ஊற்றினார். முதலில் எனக்கு, மூத்தவள் என்பதால். நான் வாங்கினேன். விரிப்பின் மேல் கோப்பையை வைத்தேன். உம்மு மைஸூன் வாங்கினாள், வைத்தாள். மைஸூன் வாங்கினாள், வைத்தாள்.

அபூ ஹாயில் மூன்று கோப்பைகளையும் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "என்ன உம்மு கானிம், ஏலக்காய் அதிகமாயிடுச்சா?"

"காபி தங்கமாத்தான் இருக்கும் அபூ ஹாயில். எங்களுக்கு ஒரு வேண்டுதல் இருக்கு," என்றேன். மூத்தவள் சொல்ல வேண்டியது அவ்வளவுதான். மீதியை மைஸூன் சொன்னாள்.

அவர் சிரித்துவிட்டார். "பொம்பளைங்க ஜாஹாவா? எந்த ஊர் வழக்கம்மா இது?"

"விமானம் ஓட்டற பொண்ணைக் கேட்டு ஜாஹா போறது எந்த ஊர் வழக்கம்? நீங்க போனீங்களே."

சிரிப்பு நின்றது. "கேட்டோம். உன் பெரியப்பன் கொடுத்தாரு."

"பெரியப்பாகிட்ட ஆலிவ் மரம் இருக்கு, கொடுக்கலாம். ஆடு இருக்கு, கொடுக்கலாம். என் கை ரெண்டும் அவருகிட்ட இல்லியே. இல்லாததைக் கொடுத்தாரு. நீங்களும் வாங்கிட்டீங்க."

"வாக்குன்னு ஒண்ணு இருக்கு பொண்ணே. அதை உடைக்கச் சொல்லி என்கிட்டயே வந்திருக்கியா?"

"உடைக்கச் சொல்லல. பெரியப்பா உடைச்சா அவருக்குக் கேவலம். நான் உடைச்சா குடும்பத்துக்குக் கேவலம். வாங்கினவரு திருப்பிக் கொடுத்தா யாருக்கும் கேவலம் இல்லே. நீங்கதான் வாங்கினீங்க. திருப்பிக் கொடுங்க."

அவர் தாடியைத் தடவினார். "நத்மி பேக் முகத்துல நான் எப்படி முழிக்கறது?"

மைஸூன் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"எங்க அப்பா துக்கக் கூடாரத்துல நின்னு, 'மூத்தவ எங்கே'ன்னு கேட்டீங்களாம். யாரும் பதில் சொல்லலியாம். நான் சொல்றேன். மூத்தவ நத்மி பேக்கோட விருந்தாளிங்க குளிச்சு முடிக்கட்டும்னு காத்திருந்தா. அப்பா நெஞ்சுக்கு அவரு செஞ்சதை நான் மறக்கல. ஆனா அப்பா மண்ணுக்குள்ள போற நேரத்தை அவரு எடுத்துக்கிட்டாரு. கணக்கு தீந்துபோச்சு. இனி என் அம்மாவுக்கு ஒண்ணுன்னா நான் எங்கே இருக்கணும்னு நானே முடிவு பண்ணணும். அதைத்தான் கேட்டு வந்தேன்."

உம்மு மைஸூன் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். கோப்பைகளில் ஆவி அடங்கிவிட்டது. அபூ ஹாயில் விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். முடியாது என்று அவர் சொல்லியிருக்கலாம். பெண்கள் வைத்த கோப்பை கணக்கில் சேராது என்றால் யார் எதிர்த்துக் கேட்கப் போகிறார்கள்? அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார் என்று இன்றும் நினைக்கிறேன். அதற்குள் திரைக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி குரல் வந்தது.

"காபி ஆறிப்போச்சு, அபூ ஹாயில்! உன் வீட்டுக் காபியைக் குடிக்காம ஜாஹா எழுந்து போச்சுன்னா, நாளைக்கு தீபான் பூரா அதைச் சொல்றவ நானாத்தான் இருப்பேன்!"

"உன்னை யாருடி கேட்டா?"

"என்னை யாரும் கேக்கல. அந்தப் பொண்ணையும் யாரும் கேக்கல!"

அவர் பெருமூச்சு விட்டார். நீண்ட பெருமூச்சு. பிறகு மைஸூனை நேராகப் பார்த்தார்.

"குடிங்க," என்றார். "கொடுத்தாச்சு. நானே போய் பேக்கிட்டச் சொல்றேன். வாக்கை உன் பெரியப்பனுக்கே திருப்பிக் கொடுத்துட்டேன்." மைஸூன் கோப்பையைத் தூக்கியதும் விரலை நீட்டினார். "ஆனா பொம்பளைங்க ஜாஹா வந்தாங்கன்னு வெளியே யாரும் பேசக் கூடாது."

"அதுக்கு இன்னொரு காபி ஊத்தி, நீங்க கீழே வைக்கணும் அபூ ஹாயில்," என்றேன் நான்.

திரைக்குப் பின்னால் உம்மு ஹாயில் சிரித்தது தெருவரை கேட்டிருக்கும். நாங்கள் ஆறிய காபியைக் குடித்தோம். வேப்பிலை மாதிரி கசந்தது.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். அடுத்த மாதம் ஸகரை ஹோட்டலிலிருந்து அனுப்பிவிட்டார்கள். யார் சொல்லி அனுப்பினார்கள் என்று யாரும் கேட்கவில்லை, கேட்கத் தேவையும் இல்லை. நாயிஃப் ஒரு முழு ரமளான் மைஸூனோடு பேசாமல் இருந்தான். அவள் பேசினாள். ஒவ்வொரு நாளும் நோன்பு திறக்கும் நேரத்துக்கு அவனைத் தொலைபேசியில் கூப்பிடுவாள். அவன் எடுக்க மாட்டான். "பெரியப்பா, எடுக்க வேணாம், மணி அடிச்சா போதும், நான் உயிரோட இருக்கேன்னு தெரியும்ல" என்று என் மூலமாகச் சொல்லியனுப்புவாள். தெருவில், "கீழே இறக்கிட்டாங்களாமே, மூணு கோடாமே" என்று என் காதுபடச் சொன்ன ஒருத்தியிடம், "ஆமா, ஒரு கோட்டைக் கழட்டி நத்மி பேக்குக்குக் கேக்கோட கொடுத்துட்டு வந்தா" என்று நான் சொன்னேன். அந்தப் பெண் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

போன குளிர்காலத்தில் உம்மு மைஸூனுக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். கண்கட்டை அவிழ்த்தபோது எதிரே மைஸூன் உட்கார்ந்திருந்தாள், தொலைபேசியை அணைத்து மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு.

இப்போது மைஸூன் ஷார்ஜாவில் இருக்கிறாள், விமான நிலையத்துக்குப் பின்னால் ஒரு மூன்றாம் மாடி வீட்டில். இன்னும் வலது பக்கம்தான் உட்காருகிறாள்.